மூன்றாவது பாட்டு

டீச்சருக்கு,

நீ ஆனேக்கலில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்குப் போனபின் மூன்று சனிக்கிழமைகள் ஓடிவிட்டன. இங்கே பிரேசர் டவுனில் உன் கீபோர்டு வகுப்பு நிற்கவில்லை. நான்தான் நடத்துகிறேன், சிரிக்காதே. கட்டைகளில் நீ ஒட்டிய எண்கள் இருக்கின்றன, உன் நோட்டும் இருக்கிறது. ஆனால் நோட்டில் மூன்றே பாட்டுகள். வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். நேற்றோடு கையிருப்பு தீர்ந்தது.

அதனால் கேத்தரின் ஆன்ட்டி மூன்றாவதான பிறந்தநாள் பாட்டைப் பிசிறில்லாமல் வாசித்தபோதும், "கடைசி வரி சரியில்ல, திரும்ப வாசிங்க" என்றேன். ஐந்து தடவை. ஆறாவது தடவை கையை எடுத்துவிட்டார்.

"பாட்டு சரியாத்தான் இருக்கு தம்பி. டீச்சர் எப்போ வராங்க, அதைச் சொல்லுங்க."

"அடுத்த சனிக்கிழமை வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ!

காலையிலிருந்து ஜன்னலுக்கும் கீபோர்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் விரல் தானாக அந்தக் கடைசி வரிக்கே போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை சுவரைத் தட்டிவிட்டார். தட்டட்டும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் வருவார்கள்.

இப்படிக்கு,
தினமும் உன்னைச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னவன்