தேசம்மாவுக்குப் பொய் சொன்ன டாக்டரின் பரீட்சை

சண்டைக்கும் சமாதானத்துக்கும் எனக்கு வாய்த்த ஒரே நாத்தனாரே, என் தேசம்மா,

என் கல்யாணப் பந்தலில் என் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்து, "கவரிங்கா அண்ணி?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாய். அதை நான் மறக்கவில்லை. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக விட்டுக்கொடுக்கப் போவதும் இல்லை. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. உனக்கு வயிற்றுப் புண் என்று சொன்னாரே ஒரு டாக்டர், அவரை நேற்றுப் பார்த்தேன். அவர் பரீட்சை எழுத வந்திருந்தார். அவரைப் பாஸாக்குவதா கவிழ்ப்பதா என்பதில் என் வாய்க்கும் ஒரு பங்கு இருந்தது.

நீ பட்ட வலியை உனக்கு நான் சொல்ல வேண்டாம். உன்னைச் சுற்றி நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். உன் வயிற்றில் இருந்தது புற்றுநோய். அது டாக்டருக்குத் தெரியும், உன் அண்ணனுக்கும் தெரியும். உனக்கும் எனக்கும்தான் தெரியாது. உன் காரியம் முடிந்த பிறகே உன் அண்ணன் வாயைத் திறந்தார். டாக்டரிடம் என்ன சொன்னார் என்று வார்த்தை வார்த்தையாகக் கேட்டு வாங்கினேன். "பொம்பள மனசு, தாங்காது டாக்டர். வயித்துப் புண்ணுன்னு சொல்லிடுங்க." டாக்டரும் சரி என்றாராம்.

அந்த ஒரு சரியால் என்ன ஆனது பார். சேக்காட்டிலிருந்து உன்னை மேனாம்பேட்டுக்கு என் வீட்டுக்கே அழைத்து வந்து கஞ்சி ஊற்றினேன். உன் பெண் அமுதாவுக்கு ஆள் விடட்டுமா என்று எத்தனை தரம் கேட்டேன். "புண்ணு ஆறட்டும் அண்ணி. நானே பூந்தமல்லிக்குப் போயி அவளக் கூட்டிகினு வரேன். இப்டி நோஞ்சானா அவ முன்னால நிக்க மாட்டேன்" என்றாய். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் கட்டிக்கொண்டாள் என்று நீ கதவைச் சாத்திய பெண், உயிர் போன உன் உடம்பைப் பார்க்கத்தான் வந்தாள்.

"கடைசி வரைக்கும் அம்மா என்னக் கேக்கவே இல்லியா அத்தே?" என்றாள். நீ வரப் போவதாகச் சொன்னதைச் சொன்னேன். ஆறுதலுக்கு எடுத்துக் கட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நம் வாசலை மிதிக்கவில்லை.

எங்கள் மாடியில் குடியிருக்கும் சுகந்தி நர்ஸ். இனிக் குணமாகாது என்று டாக்டர்கள் கைவிட்டவர்களின் வீடு வீடாக வேனில் போய், வலிக்கு மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு வருகிறாள். இப்படி ஒரு வைத்தியம் இருப்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதற்கென்று டாக்டர்களுக்குத் தனிப் படிப்பும் தனிச் சான்றிதழும் உண்டாம். தலை நரைத்த டாக்டராக இருந்தாலும் பரீட்சை எழுதித்தான் வாங்க வேண்டும். அதில் எழுதினால் மட்டும் போதாதாம். நோயாளி வீட்டு ஆளிடம் எப்படிப் பேசுகிறார் என்று எதிரில் உட்கார்ந்து பார்ப்பார்களாம். அந்த வீட்டு ஆளாக நடிக்க ஒரு பொம்பளை வேண்டும்.

"உனக்குத்தான் வாய் கீதே ஆயா, வாயேன்" என்றாள் சுகந்தி.

"நா இன்னா சினிமா ஸ்டாரா?"

"அழத் தெரிஞ்சா போதும்."

"அழுகைலாம் வராது. திட்டுனா நல்லா திட்டுவேன்."

"அதுவும் வேணும். கெளம்பு."

பரீட்சை நடக்கும் இடத்துக்குப் போனதும் கதையைச் சொல்லிக் கொடுத்தார்கள். என் புருஷனுக்கு நுரையீரலில் புற்றுநோய். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவரிடம் சொல்லாதீர்கள் என்று நான் டாக்டரிடம் கெஞ்ச வேண்டும். அதற்கு டாக்டர் என்ன செய்கிறார் என்பதுதான் பரீட்சை. எல்லாம் முடிந்த பிறகு, ஒவ்வொருவரையும் பற்றி, 'இவரிடம் உன் வீட்டு ஆளை நம்பி விடுவாயா?' என்று பரீட்சை நடத்தும் அம்மா என்னைக் கேட்பார்.

பார்த்தாயா, தேசம்மா? உன் அண்ணன் பேசிய பேச்சை என் வாயில் வைத்துவிட்டார்கள். எழுந்து வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். சுகந்தி முகத்துக்காக உட்கார்ந்தேன்.

முதலில் சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பையன், "உங்க உணர்வுகள் எனக்குப் புரியுதும்மா" என்றான், அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் வருவதைச் சொல்கிற மாதிரி. ஒரு பெண் நான் அழுவதற்கு முன்பே காகிதக் கைக்குட்டையை நீட்டி, நான் அழும்வரை கையை இறக்கவே இல்லை. சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் எனக்கே கண்ணீர் வந்துவிட்டது.

பிறகு அவர் வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. உன்னைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் பார்த்த, உட்காரும் முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அதிலேயே கண்டுகொண்டேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. எத்தனை பேருக்குப் பொய் சொல்லியிருப்பாரோ, எந்த முகத்தை நினைவில் வைப்பார்?

'சரிம்மா, சொல்லல' என்று அவர் சொன்னால் போதும், ஆள் காலி. அதைத்தான் அவர் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சொல்லிக் கொடுத்ததை விட்டுவிட்டேன். "பொம்பள மனசு, தாங்காது டாக்டர். வயித்துப் புண்ணுன்னு சொல்லிடுங்க" என்றேன். பரீட்சை அம்மா தலையை நிமிர்த்தினார். கதையில் இருந்தது புருஷனும் நுரையீரலும் அல்லவா?

டாக்டர் என் முகத்தையே பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் மெதுவாக, "பொய் சொல்ல மாட்டேம்மா" என்றார். "அவங்க கேட்டா, கேக்குற அளவுக்கு உண்மையைச் சொல்வேன். நீங்க பக்கத்துலயே இருங்க. அவங்க பாக்கணும்னு நினைக்கிற ஆள் யாராவது இருக்காங்களா?"

அன்றைக்கு உன்னைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

"பூந்தமல்லில ஒரு பொண்ணு கீறா" என்றேன். நேரம் முடிந்து மணி அடித்தது. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

சாப்பாட்டு வேளையில் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்து நின்றார்.

"தேசம்மாவோட அண்ணிதானே நீங்க?"

"இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

"நான் இப்ப உங்ககிட்டப் பேசவே கூடாதும்மா. யாராவது பார்த்தா எனக்குப் பரீட்சையே போயிடும். ஆனா ஒண்ணு சொல்லியாகணும். அவங்க என்னைக் கேட்டாங்க."

"இன்னா கேட்டா?"

"அவங்க அண்ணனை டீ வாங்க அனுப்பிட்டுக் கேட்டாங்க. 'பூந்தமல்லிக்குப் போயி எம் பொண்ணப் பாக்கணும். இப்பவே போவணுமா, ஒடம்பு தேறினப்புறம் போலாமா'ன்னு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டு, "தேறினப்புறம் போலாம்னு சொன்னேன்" என்றார்.

குழாயை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை. "இத்த சொன்னா உனக்குப் பாஸ் போட்டுடுவேன்னு பாக்கிறியா?" என்று கேட்டேன். மரியாதையெல்லாம் போய்விட்டது.

"இல்லம்மா. உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க. உங்க நாத்தனாரை நினைச்சுத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன்னு சொன்னா அதுவும் பொய். அவங்களை மாதிரி நிறைய பேர் இருக்காங்க."

தேசம்மா, நீ கேட்டிருக்கிறாய். உனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. என்னிடம் ஏன் சொல்லவில்லை? அவர் சொன்னதை நம்பித்தான் காத்திருந்தாயா, இல்லை நம்பியது மாதிரி எங்களுக்காக இருந்தாயா?

சாயங்காலம் பரீட்சை அம்மா கூப்பிட்டார். மற்றவர்களைப் பற்றி எனக்குப் பட்டதைச் சொன்னேன். அந்த டாக்டரின் முறை வந்தது. "நடுவுல கதையை மாத்திட்டீங்களேம்மா. இவரை முன்னமே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு, இவரை நம்பி யாரையும் விடமாட்டேன் என்றால் முடிந்தது. இவரைக் கவிழ்க்க இத்தனை வருஷமாக நான் கேட்ட வாய்ப்பு கையில் வந்து நிற்கிறது. உன் அண்ணன் சொன்ன பொய், இவர் சொன்ன பொய், அந்த வரிசையில் என்னுடையதும் ஒன்று சேரும், அவ்வளவுதான். பொய் சொல்ல நாக்கு புரளவில்லை.

"தெரியும்மா. என் நாத்தனாருக்குப் பொய் சொன்ன டாக்டரு. இன்னிக்குச் சொல்லல."

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். "அப்படின்னா உங்க வார்த்தையை இவருக்குச் சேர்க்க முடியாது. நாளைக்கு வேற ஒருத்தங்க முன்னால அவர் திரும்பப் பேசணும்" என்றார். அவ்வளவுதான், பாஸும் பெயிலும் என் கையைவிட்டுப் போய்விட்டது. இன்றைக்கு அவர் எவளோ ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருப்பார். என்ன ஆனது என்று சுகந்தியிடம் கேட்கமாட்டேன். பாஸானாலும் நான் அவரை மன்னித்ததாக ஆகாது.

வீட்டுக்கு வந்தால் உன் அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரில தேசம்மா உன்ன எதுக்குய்யா வெளிய அனுப்பிச்சா?"

"டீ கேட்டுச்சும்மே. வாங்கியாந்தேன், குடிக்கல."

"டீ குடிக்கிற நெலமையிலயா இருந்தா அவ?"

நீ டாக்டரிடம் கேட்டதைச் சொன்னேன். டிவியை அணைத்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் போகவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அமுதா வீட்டுக்குப் போகிறேன். வரமாட்டேன் என்றால் விடமாட்டேன். நான் தனியாகப் போனால் இந்தத் தரமும் எடுத்துக் கட்டுகிறேன் என்பாள். நீ டீ வாங்க அனுப்பியதை அவர் வாயால் சொன்னால்தான் நம்புவாள். எதற்காக உன்னிடம் மறைத்தார் என்பதையும் அவரே அவளிடம் சொல்லட்டும். அவள் கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நிற்கிறோம். திறந்தால், நீ கேட்ட அந்தக் கேள்வியை நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இன்னும் உன்மேல் கோபம் தீராத,
உன் அண்ணி
கன்னியம்மா