பொட்டு வைத்த நீராவிக் குழாய்

செப்டம்பர் 29, 2025
அரவை தொடங்குமுன் எங்கள் சர்க்கரை ஆலை பாய்லரைச் சோதிக்க உத்தமபாளையத்திலிருந்து ரஃபியா என்ற இன்ஜினியர் வந்திருக்கிறார். நீராவிக் குழாயின் எஃகு வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்து உள்ளுக்குள் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். நான் பாய்லர் ஆபரேட்டர். அந்தக் குழாயின் வளைவுக்குக் கீழேதான் இத்தனை காலமும் என் நாற்காலி. ஒரு சொட்டு ஒழுகியதில்லை, எனக்குத் தெரியாதா? “வெளிய பாத்தா தெரியாதுண்ணே,” என்கிறார். என்னை ரத்தம் சோதிக்கச் சொல்லும் என் மனைவி முனீஸ்வரியும் இதையேதான் சொல்கிறாள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களா?

செப்டம்பர் 30
ரஃபியா குழாயில் ஐந்து இடங்களை முகம் தெரியுமளவு தேய்த்துவிட்டு ஊருக்குப் போனார். தேய்த்தது ஆயுத பூஜைக்காகத்தான் இருக்கும். நல்ல பிள்ளை.

அக்டோபர் 1
பூஜை. அந்த ஐந்து இடத்திலும் சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். பாய்லருக்குக் கல்யாணக் களை!

அக்டோபர் 3
ஐயோ. ரஃபியா பார்த்ததும் தலையில் கை வைத்து அங்கனயே உட்கார்ந்துவிட்டார். தேய்த்தது பூஜைக்கு இல்லையாம். அதில் அமிலம் தடவி, படலம் ஒட்டி அச்செடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கத்தானாம். சந்தன ஈரத்தில் ஐந்தும் துரு. “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லண்ணே?” கேட்டிருக்கலாம்தான். பொட்டு வைக்கிறதுக்கெல்லாம் யாரு கேப்பா?
நாலு இடம் லேசாகத் தேய்த்ததும் சரியாகிவிட்டது. வளைவில் மட்டும் துரு குழி விட்டிருந்தது. அங்கேயே தேய்த்தால் குழாய் மெலியும் என்று, ஒரு சாண் தள்ளி வெல்டிங் ஓரத்தில் புதிதாகத் தேய்த்தார். நான் விளக்குப் பிடித்தேன்.

அக்டோபர் 6
முடிவு வந்துவிட்டது. நாலு இடம் தேவலையாம். வெல்டிங் ஓரம் — லேப்டாப்பில் காட்டினார். “எஃகுக்குள்ள கோடு கோடா இருக்க வேண்டியது சூட்டுல உருண்டை உருண்டையாயிருச்சுண்ணே. இந்தா, பொடிப்பொடி ஓட்டை வரிசை கட்டி நிக்கிது. இதுக சேந்தா வெடிப்புதான்.”
வெடித்தால் கீழே யார் உட்கார்ந்திருப்பார் என்று நான் கேட்கவில்லை.
“பழைய எடத்துல பாத்திருந்தா இது கண்ணுல பட்டிருக்காது,” என்றார். அப்ப என் குங்குமந்தான் என்று ஆரம்பித்தேன். அவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 7
தூக்கமே இல்லை.

நவம்பர் 24
புது வளைவு மாட்டியாயிற்று. பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க, ரஃபியா அதிலும் ஓரிடம் தேய்த்து அச்செடுத்தார். முடிந்ததும் குங்குமத்தை அவரே எடுத்து நீட்டி, “இப்ப வைங்கண்ணே,” என்றார். வைத்தேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டுவிட்டேன்.
நாளை பெரியகுளத்தில் ரத்தப் பரிசோதனை. நானாகக் கேட்டதும் முனீஸ்வரி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் வயிற்றில் போகணுமாம். காப்பிகூடக் கிடையாதாம்.