ஒரே பெட்டிக்குள் மூன்று கணினிகள்

இன்று காலை ஹோட்டலில் பழுதான கணினி ஒன்றைத் திறந்தபோது, சூடேறிய தூசியின் வாடை முகத்தில் அடித்தது. அந்த நொடியே லிந்துலைக்குப் போய்விட்டேன். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டின் முன்னறையில், மூடி கழற்றிய கணினிக்குள் நீ வாயால் ஊதிக்கொண்டிருந்தாய்.

கணினி வகுப்பில் ஒன்றாகப் படித்த நாம் இருவரும் ஒரே வேலைக்குத்தான் விண்ணப்பித்தோம். நுவரெலியா ஹோட்டலில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இதே வேலை. நேர்முகத்துக்கு அழைப்பு எனக்கு மட்டும் வந்தது. சொன்னதும், "சரி" என்றுவிட்டு, நீ வேலைபார்த்த போட்டோ கொப்பிக் கடைக்குள் போய்விட்டாய். ஒரு கிழமை முழுவதும் என்னோடு பேசவில்லை. எனக்கோ அதோடு இன்னொரு பயம். விண்டோஸ் டொமைன் தெரிந்திருக்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. எல்லாக் கணினிகளையும், அவற்றில் நுழைகிறவர்களையும் ஒரு சேர்வரே நிர்வகிக்கும் ஏற்பாடு. வகுப்பில் படம் வரைந்து காட்டியதோடு சரி; சேர்வர் ஒன்றை நாம் தொட்டதே இல்லை.

ஞாயிறு காலை வாசலில் வந்து நின்றாய். கைக்குட்டையில், உன் கணினியிலிருந்து கழற்றிய மெமரி.

"இதையும் ஒன்னோடதுல போட்டா, ஒரே பெட்டிக்குள்ள மூணு மெசின் ஓடும்."

"அப்ப ஒன்னோடது?"

"அது தூங்கட்டும். தள்ளி உக்காருடி."

ஒரே கணினியைப் பல கணினிகள்போல் இயக்கும் மென்பொருளுக்குள்ளேயே ஒரு சேர்வரும் இரண்டு சாதாரணக் கணினிகளும் எழுந்து வந்தன. முதல் பயனர்களாக நம் அம்மாக்களின் பெயர்களைப் பதிந்தோம். ஆனால் கணினியை டொமைனில் சேர்க்கப் போனால், சேர்வரைக் காணவில்லை என்றே மறுபடி மறுபடி சொன்னது. நான் கணினியை நிறுத்தப் போனேன். நீ ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே வந்தாய்.

"இங்க பாரு, இது ரவுட்டர்கிட்டல்ல வழி கேக்குது? அதுக்கு நம்ம சேர்வர எப்புடித் தெரியும்? சேர்வர்கிட்டயே கேக்கச் சொல்லுவோம்."

டிஎன்எஸ் என்ற இடத்தில் சேர்வரின் முகவரியைப் போட்டாய். திரையில் வரவேற்புச் செய்தி வந்தது. நாம் கைகோத்துக் குதித்த குதியில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா சுவரைத் தட்டினார்.

நீ அதோடு விடவில்லை. யார் நுழைந்தாலும் நம் தோட்டத்து மலையின் படம் வரவேண்டும் என்று சேர்வரில் கட்டளை போட்டாய். தேத்தண்ணீர் கொண்டுவந்த என் அம்மாவை உட்காரவைத்து, அவர் கடவுச்சொல்லை அவரையே அழுத்தச் சொன்னாய். ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். மலை வந்தது.

"இதுல யாரும் ஒன்னும் செய்யலயே, எப்புடி வந்திச்சி?"

"அங்க சொன்னா இங்க நடக்கும் அத்த," என்றாய். உன் முகத்தை அப்போது நீயே பார்த்திருக்க வேண்டும்.

நேர்முகத்தில் மேலாளர், அனுபவம் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். வீட்டில் கட்டினோம் என்றேன். "கட்டினோம் என்றால், யார் யார்?" உன் பெயரைச் சொன்னேன், ரவுட்டர் கதையையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்த செய்தியை உனக்குத்தான் முதலில் சொன்னேன். "நமக்குக் கெடச்சிருச்சி" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாயாம்.

நீ போய் ஒன்றரை வருடமாகிறது. காய்ச்சல் என்று படுத்து மூன்றே நாள்.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று என்னிடம் கேட்கிறார்கள். வீட்டில் கட்டினோம் என்கிறேன். 'கட்டினேன்' என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.