வாழைத் தோட்டத்துப் பிக்கப்

வெள்ளி, இரவு. சலாலா, ஓமன்.

இன்று எனக்கு நர்ஸ் வேலையில் லீவு. காலையில் வழக்கம்போல வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, வாய்க்கால் கரையில் ஓடிக்கொண்டிருந்தேன். மேடு பள்ளமில்லாத பாதை. பின்னால் வந்த பிக்கப் நின்றது. ஓட்டி வந்தவர் தோட்டத்தில் வேலை செய்யும் சூசை அண்ணன். எங்கள் ஊருக்கு அடுத்த கடற்கரைக்காரர், சர்ச்சில் பார்த்துப் பழக்கம்.

"பஸ்ஸ விட்டுட்டியளா சிஸ்டர்? கேறுங்க, ஆஸ்பத்திரில விட்டுருதேன்."

சும்மா ஓடுகிறேன் என்றேன்.

"சும்மா யாராவது ஓடுவாவளா?" கதவைத் திறந்துவிட்டார்.

சுகர் வந்திருக்கிறது, அதனால்தான் ஓடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊரில் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இப்போதுதான் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஏறிவிட்டேன்.

லீவு நாளில் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்தார். "நாளைக்கும் இதே நேரத்துக்கு வாறேன். ஓடாண்டாம், நில்லுங்க."

பழம் மேசையில் இருக்கிறது. ரூம் முழுக்க மணக்கிறது. ஒன்றே ஒன்று தின்றேன்.

நாளை வாய்க்காலின் மறுகரையில் ஓடலாம். அங்கே வண்டி வராது. ஆனால் அண்ணன் இந்தக் கரையில் வண்டியை நிறுத்திக் காத்துக்கொண்டு இருப்பாரே.