ஒரு கரண்டிச் சோறு

9-5-63, வியாழன்
காலையிலேயே அனல். சுரங்கப் பக்கத்துப் புழுதி வேறு. இவருக்கு நைட் ஷிப்ட், பகலில் தூக்கம். அதனால் கோமதி சலங்கை கட்டாமல் முன்னறையில் ஆடினாள். லீவுக்கு வந்தும் ஓய்வில்லை. பல்கலைக்கழகம் திறந்ததும் நாட்டியப் பரீட்சை. சாப்பிட்டது ஒரு கரண்டிச் சோறு, ரசம். நெய் வேண்டாம். ஆடும்போது தண்ணீரும் கூடாதாம்.
"அரைமண்டியில உக்காந்தா வயிறு தெரியக் கூடாதும்மா. ஹாஸ்டல்ல எல்லாரும் இப்படித்தான்."
யார் சொன்னது? சீனியர் அக்காவாம். சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. போகட்டும்.

10, வெள்ளி
மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. துணி துவைக்கும் அஞ்சலை குரலைத் தாழ்த்தி, "பாப்பா வந்து மாசத்துக்கு மேல ஆவுது. ஒரு தபாகூட வூட்டுக்குத் தூரம் ஆவலியே. பாத்துக்கினு சும்மா இருக்கீங்களேம்மா?" என்றாள்.
எனக்கு ஏன் தோன்றவில்லை? மதியம் கோமதி தலைசுற்றுகிறது என்று படுத்துக்கொண்டாள். ஹாஸ்டல். கூடப் படிக்கும் மிருதங்கப் பையன்கள். ஐயோ. கேட்க நாக்கு எழவில்லை. இவரிடம் மூச்சுவிட முடியாது.

11, சனி
தூக்கமே இல்லை. தலைசுற்றலுக்கு மருந்து என்று இவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். லேடி டாக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன்: அது மட்டும் இல்லையென்றால், வடலூரில் பசித்தவர்களுக்கு ஒரு மரக்கால் அரிசி.
கூப்பிட்டார். "நீங்க பயப்படறது இல்லம்மா. பட்டினி. நாள் பூரா ஆடிட்டு இவ்வளவுதான் சாப்பிட்டா எல்லாம் நின்னுதான் போகும். உடம்புல ரத்தமே இல்ல. சோறு, பருப்பு, பால் வயிறாரக் குடுங்க. ஆடறப்போ தண்ணி குடிக்கட்டும்."
அப்பாடா என்று கை கூப்பினேன். என் பெண் பட்டினி என்கிறார், நான் கும்பிடுகிறேன். கோமதி பார்த்துக்கொண்டே நின்றாள்.

12, ஞாயிறு
புழுக்கம். வடலூருக்கு அரிசி அளந்து பையில் போட்டேன். கோமதி வந்து நின்றாள்.
"யாருக்கும்மா?"
"பசிச்சவங்களுக்கு. ஒரு வேண்டுதல்."
"என்னன்னு வேண்டிக்கிட்டே?"
பையின் வாயைக் கட்டினேன். வெட்கமாக இருந்தது.
"தெரியும். டாக்டரம்மாவும் அதைத்தான் மொதல்ல கேட்டாங்க."
தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள். "போடு, சாப்பிடறேன். இல்லேன்னா மாசாமாசம் சந்தேகப்படுவே."
இரண்டு கரண்டி போட்டேன். பருப்பு, நெய். வேண்டாம் என்று சொல்லவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
இவர் எழுந்துவிட்டார். காப்பி போட வேண்டும்.