நட்சத்திரத்தின் நடுவை அளந்தவளுக்கு

புத்தூரில் ரயில் ஏறி உட்கார்ந்தேன். எதிர் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையோடு ஒரு பெண். அவள் கைகளிலிருந்து மோட்டார் கிரீஸ் மணம் வந்தது. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் அந்த மணத்தில் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய். சொல்கிறேன், கேள்: நம் கட்டுரை அச்சாகிவிட்டது!

கல்லூரியில் நமக்கு ஒரே பெஞ்ச். உன் அப்பா, உன் நைனா, படுக்கையில் விழுந்ததும் நீ இயற்பியலை விட்டுவிட்டு, உன் ஊரான சத்தியவேட்டிலிருந்து மோட்டார் தொழிற்சாலைக்குப் போனாய். ஓடும் மோட்டாரின் அதிர்வை வைத்து, அதைப் பிரிக்காமலே உள்ளே என்ன பழுது என்று சொல்வது உன் வேலை. திருப்பதியில் நான் செய்த ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட அதுதான். நட்சத்திரமும் உள்ளுக்குள் அதிர்கிறது; அதனால் அதன் ஒளி லேசாக ஏறி இறங்குகிறது. அதை வரைபடமாக்கினால் ஒவ்வோர் அதிர்வும் ஒரு கோடாக நிற்கும். நட்சத்திரம் சுழன்றால் அந்தக் கோடு இரண்டு மூன்றாகப் பிரியும். இடைவெளி அகலமாக இருந்தால் சுழற்சியும் வேகம்.

என் கோடுகள் பிரிந்துதான் இருந்தன. வழிகாட்டிப் பேராசிரியர் நம்பவில்லை. "இதி நிஜம் காதம்மா," என்றார் தெலுங்கில்; நிஜமில்லையாம். ஒளியைப் பதிவுசெய்யாமல் விட்டுப்போன நாட்களால் விழுந்த போலிக் கோடுகளாம். மூன்று வருட உழைப்பு. ஆராய்ச்சியே வேண்டாம் என்று ஒரு ஞாயிறு மதியம் உன் வீட்டில் வந்து அழுதேன். நீ சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் மடிக்கணினியை இழுத்தாய்.

"இன்னாடி, பக்கத்துல குட்டிக் குட்டியா கோடு? எங்க மோட்டார்லயும் இப்டித்தான் வரும். அந்த இடைவெளிதான் சுத்துற வேகம்."

"சார் போலிங்கிறாரு."

"பதிவுல ஓட்டை வுழுந்து வந்ததுன்னா, எல்லாக் கோட்டுக்கும் ஒரே இடைவெளிதானடி இருக்கணும்? அளந்து பாத்தியா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. தட்டை நகர்த்திவிட்டு நீ அளந்து சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். மேற்பரப்பை ஒட்டி ஓடும் அலைகளில் இடைவெளி குறுகல். நடுப்பகுதி வரை இறங்கும் அலைகளில் அகலம். போலி இல்லை!

"நைனா!" என்று உள்ளறையைப் பார்த்துக் கத்தினாய். "நட்சத்திரம் வெளிய மெதுவா, நடுவுல வேகமா சுத்திக்கினு கீது!"

"அதுக்கு ஏம்மா கத்தற?" என்றார் அவர். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பேராசிரியர் தானே இரண்டு முறை அளந்து பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கட்டுரை எழுதி முடிப்பதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் பெயரை நன்றிப் பகுதியில் போடலாம் என்றார் பேராசிரியர். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை எதிர்த்துப் பேசினேன். "அவ இல்லன்னா இந்த முடிவே இல்ல சார்." சரியென்று தலையசைத்தார். என் பெயருக்கு அடுத்து உன் பெயர். நிறுவனம் என்று கேட்ட இடத்தில் சத்தியவேடு என்று எழுதினேன்.

அந்தப் பக்கத்தை இன்று காலை உன் நைனாவிடம் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது; உன் பெயரின் மேல் அவர் விரலை எடுத்து வைத்தேன். "இதை உலகம் பூரா படிப்பாங்களா?" என்று கேட்டார். படிப்பார்கள் என்றேன். விரலை எடுக்கவே இல்லை.

நாளை திருப்பதியில் எனக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. யாராவது புருவத்தை உயர்த்தினாலே பின்வாங்கிவிடும் பழக்கம் எனக்கு இருந்தது, உனக்குத் தெரியும். இப்போது கேள்விகள் வரட்டும் என்றிருக்கிறது. பதில் சொல்ல நாம் இரண்டு பேர் இருக்கிறோம்.