பத்து மணி முதல் ஆறு மணி வரை

மார்ச் 3, செவ்வாய்

நீதிமன்ற உத்தரவு வந்துவிட்டது. சுண்டுவின் ஏழாவது பிறந்தநாள், ஞாயிறு பதினைந்தாம் தேதி, காலை பத்து முதல் மாலை ஆறு வரை அவள் என்னோடு. கூட ஆள் இல்லாமல் இதுதான் முதல் முறை. ஒழுங்காக நடந்தால் இனி மாதம் இரண்டு ஞாயிறு கிடைக்கும் என்கிறார் வக்கீல்.

ஒழுங்காக! பெற்ற மகளை வெளியே கூட்டிப்போக ஒன்றரை வருடம் மனுப் போட்டிருக்கிறேன். இதுவரை மாதத்துக்கு இரண்டு மணி நேரம், குடும்ப ஆலோசகர் அம்மாவின் கண்ணாடி அறையில், மீன் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல.

நான் மனைவியை அடித்தவன் இல்லை. சுத்தியலால் கதவைத்தான் உடைத்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் அவளும் சுண்டுவும் இருந்தார்கள் என்பதை மட்டும் ஆளாளுக்கு ஒப்பிக்கிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் சோதனை. தலைமைப் பொறியாளன் வந்தான். என்னிடம் வேலை பழகி, என்னைத் தாண்டிப் போனவன். "என்ன சார், இன்னும் கோடு போட்டுட்டுத்தான் இருக்கீங்களா?" என்றான். ஸ்பேனர் என் கையில் இருந்தது. அவன் காதுக்கு மேலே, எலும்பு மெலிதாக இருக்கும் இடம் எனக்குத் தெரியும். சிரித்து வைத்தேன்.

கோடு என்பது எங்கள் வேலையில் சாட்சி. நட்டை முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து போல்ட் வரை ஒரே இழுப்பில் சிவப்புப் பெயின்ட். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. உடைந்திருந்தால் தளர்ந்துவிட்டது. கண்ணாடி அறையில் பேச எதுவும் இல்லாத ஒரு நாள் சுண்டுவுக்கு இதை வரைந்து காட்டினேன். அன்றிலிருந்து நாற்காலி, மேசை, ஆலோசகரின் மின்விசிறி எதையும் அவள் விடுவதில்லை. "அப்பா, இதுல கோடே இல்ல, உழுந்துடும்!"

மார்ச் 14, சனி

சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. இரண்டு தடவை.

மார்ச் 15, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் கட்டு. காவல் நிலையத்திலிருந்து வக்கீல்தான் வெளியே கொண்டுவந்தார்.

காலையில் வாசலில் மச்சான் நின்றான். தங்கையை என்னிடமிருந்து பிரித்து வைத்த புண்ணியவான். "ஆறுன்னா ஆறு. ஒரு நிமிஷம் தாண்டுச்சு, நான் மனுஷனா வர மாட்டேன்" என்றான். "இப்ப மட்டும்?" என்றேன். சுண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவனைக் கொஞ்ச நேரம் மன்னித்தேன்.

கேளிக்கைப் பூங்கா. என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். மோதுகார் விளையாட்டில் யாரைப் பார்த்தாலும், "இடிங்கப்பா! அந்த மொட்டை மாமாவை இடிங்க!" இடித்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். "நீங்க தனியா இருக்கும்போதும் இப்படிச் சிரிப்பீங்களா?" என்று கேட்டாள். தனியாகச் சிரித்தால் அதற்கும் ஒரு ஆலோசகர் வந்துவிடுவார் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

மூன்று மணிக்குச் சங்கிலி ராட்டினம். அவளை உட்கார வைத்துக் குறுக்குக் கம்பியைப் பூட்டினார்கள். சங்கிலி மாட்டியிருந்த போல்ட்டைப் பார்த்தவள், "அப்பா! கோடு ஒடைஞ்சிருக்கு!" என்று கூவினாள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள்போல. பார்த்தேன். உடைந்துதான் இருந்தது. விசில் ஊதும் ஆளைக் கூப்பிட்டேன்.

"இந்த நட்டு தளர்ந்திருக்கு. ஓட்டாதே."

"நீங்க யாரு சார்?"

"லிஃப்ட் ஆய்வாளர்."

"லிஃப்டா? இது மேல கீழ போகாது சார். சுத்தும்." வரிசை சிரித்தது. "பாப்பாவே தைரியமா உக்காந்திருக்கு. உங்களுக்குத் தலை சுத்துதுன்னா அந்த பெஞ்சில போய்ப் படுங்க."

முதல் குத்து வாயில். பல் என் விரல் முட்டியில் ஏறியது. அவன் கம்பி வேலியில் சாய்ந்தான். விசில் கயிற்றைப் பிடித்துக் கழுத்தோடு முறுக்கினேன், முகம் கறுக்கும்வரை. கயிறு அறுந்தது. விழுந்தவனை மிதித்தேன். தாடையில். சத்தம் கேட்டது. காய்ந்த குச்சி முறிவதுபோல. ஐந்து பேர் சேர்ந்து இழுத்தார்கள். தரையில் இரண்டு பல்.

சுண்டு அப்போதும் இருக்கையில்தான் இருந்தாள். கம்பி பூட்டியிருந்தது. இறங்க முடியவில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

நான் செய்தது சரி. குழந்தையின் உயிர். எந்த அப்பன் சும்மா இருப்பான்?

மார்ச் 16, திங்கள்

வக்கீலுக்கு உற்சாகம். "கோட்டைக் குழந்தைதானே முதல்ல பார்த்துச்சு? அதையே பிடிச்சுக்கலாம் சார். குழந்தை பயந்து கத்துச்சு, அப்பா பதறிட்டாரு. நீதிபதியும் ஒரு அப்பாதானே."

அவள் பயந்து கத்தவில்லை. சந்தோஷமாகச் சொன்னாள். ஒரு சொல்தானே மாறுகிறது. மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

ராட்டினத்தைச் சோதித்த அறிக்கை வந்தது. போன மாதம்தான் புது நட்டு போட்டிருக்கிறார்கள். புதுக் கோடு அடிப்பக்கம், முழுதாக, நேராக இருக்கிறது. நாங்கள் பார்த்தது போல்ட்டில் துடைக்காமல் விட்ட பழைய கோட்டின் மிச்சம். நட்டு கொஞ்சமும் தளரவில்லை.

பழைய கோடு கிடக்கலாம், குனிந்து அடியில் பார் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நான் குனியவில்லை.

மதியம் தலைமைப் பொறியாளன் போன் செய்தான். குரலில் அவ்வளவு பரிவு. "சார், அடியில பார்க்கலையா?" போனைச் சுவரில் அடித்தேன். பிறகு சுவரையும் அடித்தேன்.

விசில்காரனுக்குத் தாடையில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்களாம். உறிஞ்சித்தான் சாப்பிடுகிறான்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆலோசகர் அம்மா வரச்சொன்னார். சுண்டுவிடம் பேசியிருக்கிறார்.

"பள்ளிக்கூடத்துல டீச்சர் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கறதில்லையாம். ஏம்மான்னு கேட்டேன். 'நான் ஏதாவது சொன்னா தப்பாயிடும். நான் சொன்னதாலதான் அந்த மாமா பல்லு போச்சு. என்னை ஜெயில்ல போடுவாங்களா?'ன்னு கேக்குறா." மனுவின் நகலை என் பக்கம் தள்ளினார். "உங்க வக்கீல் மனுவும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லுது. உங்களுக்குச் சாதகந்தான். எட்டாம் தேதி விசாரணை."

மேசைமேல் கண்ணாடி உருண்டை ஒன்று இருந்தது. அதை எடுத்து அந்த அம்மாவின் நெற்றியில் போடவேண்டும்போல் இருந்தது. ஏனென்றால் அவர் குரலை உயர்த்தவே இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

மனு அப்படியே இருந்தால் மாதம் இரண்டு ஞாயிறு. இருக்கட்டுமே. குழந்தைதானே, மறந்துடும். மறந்துடுமா? கதவை உடைச்சப்போ அவளுக்கு அஞ்சு வயசு. இன்னும் குளியலறைக் கதவை அவ சாத்தறதில்லைன்னு அந்தம்மா எழுதி வெச்சிருக்காங்க.

சரி, எழுதிடுறேன். பதினைந்தாம் தேதி ஒன்றை விட்டுவிட்டேன். வரிசை சிரித்தபோது நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். நட்டு இல்லை, உயிர் இல்லை, ஒன்றும் இல்லை. அவளும் சிரிச்சா. அவளை அடிக்க முடியாது. விசில்காரன் பக்கத்துல நின்னான்.

ஏப்ரல் 8, புதன்

விசாரணையில் எழுந்து நின்றேன். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்த கையைத் தட்டிவிட்டேன், கொஞ்சம் பலமாகவே.

"மனுவில் எழுதியிருப்பது பொய். குழந்தை பயப்படவில்லை. பார்த்ததைச் சொன்னாள். சோதிக்காமல் விட்டது நான். ஆபத்து என்று அடிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அடித்தேன்."

"இதனால என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார் நீதிபதி.

"தெரியும்."

யார் யார் சிரித்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

வெளிச் சந்திப்பு ரத்து. இரண்டு மாதத்துக்கு எதுவுமில்லை. அதன்பின் ஒரு வருடம் பழையபடி கண்ணாடி அறை. அடித்த வழக்கு தனியாக நடக்கும். வெளியே வந்தபோது மச்சான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "பேசாதே," என்றேன். "இப்ப பேசினா உன்னையும் அடிப்பேன்." பேசவில்லை. முதல் முறையாக ஒரு நல்ல காரியம் செய்தான்.

மே 10, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

ஜூன் 13, சனி

கண்ணாடி அறை. சுண்டு வாசலிலேயே நின்றாள். கொஞ்சம் உயர்ந்திருக்கிறாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், ஒரு அடி பின்னால் போனாள். உட்கார்ந்துவிட்டேன்.

"கையை மேசைக்குக் கீழ வெச்சுக்கோங்கப்பா."

வைத்தேன்.

"ரெண்டு கையும்."

வைத்தேன். குனிந்து பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என் மேல தப்பு இல்லைன்னு நீங்க ஜட்ஜ்கிட்ட சொன்னீங்களாமே. ஆன்ட்டி சொன்னாங்க."

"ஆமா சுண்டு. நீ பார்த்தே, சொன்னே. அது சரி. அடிச்சது நான். அது தப்பு."

"யார் மேல கோவம்?"

"எல்லார் மேலயும்."

"என் மேலயுமா?"

"இல்ல," என்றேன். உடனே சொன்னேனா, ஒரு நொடி கழித்தா? தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, புது வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண் ரப்பரைக் கடித்துத் தின்கிறாள் என்று ஆரம்பித்தாள். டீச்சருக்குத் தெரியாதாம். இவள்தான் எழுந்து நின்று சொன்னாளாம். நிறுத்தாமல் பேசினாள்.

நடுவில் எனக்கு மூக்கு அரித்தது. கையை எடுக்கவில்லை.